அந்த வீட்டைப் பாருங்க

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதுதான் அவளுக்கு வேலை. எதையும் விற்பதில்லை, எதையும் வசூலிப்பதில்லை. கதவைத் தட்டிவிட்டு, உள்ளே இருப்பவர் கதவின் கண்துளை வழியாகப் பார்க்க வசதியாக இரண்டடி பின்னால் நகர்ந்து நிற்பாள். திறந்ததும், "போன வருஷத்தோட பார்த்தா உங்க வீட்டு நிலைமை இப்போ மேலா, அதே மாதிரியா, மோசமா?" என்பாள். பதில் வந்ததும், "நாட்டு நிலைமை? மேலா, அதே மாதிரியா, மோசமா?" என்பாள். இடையில் பஸ், தண்ணீர், மருந்துக் கடை என்று சில்லறைக் கேள்விகள் உண்டு. ஆனால் இந்த இரண்டுக்காகத்தான் மற்றவை எல்லாம். ஜனங்களுடைய வாழ்க்கை உண்மையிலேயே கெட்டுப் போயிருக்கிறதா, இல்லை, அப்படி ஒரு பேச்சு மட்டும்தானா என்று எங்கோ ஒரு அலுவலகத்தில் யாரோ தெரிந்துகொள்ள விரும்பினார்கள். அவர்களை அவள் பார்த்ததில்லை. பதிலைக் கையிலிருக்கும் டேப்பின் திரையில் விரலால் தொட்டால் அது அவர்களுக்குப் போய்விடும்.

கேள்வி கேட்பது யாருக்கும் வரும். கேட்டபின் சும்மா இருப்பதுதான் தொழில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் ஆளுக்கொரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்தார். "உங்க முகத்துல பதில் இருக்கக் கூடாது. புருவத்தைத் தூக்கினா மோசம்னு சொல்லுவாங்க. பல்லைக் காட்டினா மேல்னு சொல்லுவாங்க. கழுவிக் கவுத்து வெச்ச தட்டு மாதிரி இருக்கணும் மூஞ்சி" என்றார். மற்ற பெண்கள் திணறினார்கள். ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் வேலையையே விட்டுப் போனாள். இவளுக்கு மட்டும் அது சீக்கிரம் வந்துவிட்டது. சின்ன வயதிலேயே அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய், தங்கையைத் தூக்கி வளர்த்தவள். குழந்தைக்கு முன்னால் முகத்தைக் கட்டுக்குள் வைத்துப் பழகியவள். மேற்பார்வையாளர் அவளைக் காட்டி, "இதான் முகம்" என்று மற்றவர்களுக்குச் சொன்னார். அன்றைக்கு அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷம்கூட வெளியே தெரியவில்லை.

அவள் கணவர் ரொட்டிக் கடையில் அடுப்படி வேலை பார்ப்பவர். ஊர் எழுமுன் போய், மதியம் புருவத்தில் மாவோடு திரும்புவார். அவளுக்கு அவர் வைத்த பெயர் ஆபீசர். "இவகிட்ட வாயைக் கொடுத்தா மூணுல ஒண்ணு சொல்லியே ஆகணும். தலைவலின்னு படுத்தா, ரொம்பவா, சுமாரா, இல்லவே இல்லையாம்பா" என்று வருகிறவர்களிடம் சொல்வார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஆனால் வீட்டில் குழந்தை உண்டு. தங்கையின் புருஷன் பிழைப்புத் தேடி வேறு நாட்டுக்குப் போனதிலிருந்து, தங்கையும் அவள் பெண்ணும் இங்கேதான் இருந்தார்கள். பெண்ணை எல்லோரும் குட்டி என்றே கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் இப்போதுதான் சேர்த்திருந்தார்கள். அக்காவுக்குக் குட்டிதான் உயிர். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்திருந்தாள்.

இப்போது தங்கை குட்டியைக் கூட்டிக்கொண்டு புருஷனிடம் போகிறேன் என்றாள். மாதக் கடைசியில் பயணம்.

"இங்க இனிமே என்னக்கா இருக்கு? நாடு நாளுக்கு நாள் மோசமாயிட்டே போகுது" என்றாள், குட்டியின் கவுனை மடித்துக்கொண்டே.

"எதுல மோசம்? கரண்ட் போகுதா, பஸ் வரலையா?"

"அப்படி இல்ல. பொதுவா."

"பொதுவான்னு ஒரு பதில் கிடையாது."

"ஆபீசர் டூட்டியில ஏறிட்டாங்க" என்று கணவர் கையைத் துடைத்தார்.

அவள் விடவில்லை. இத்தனை வருஷமாக வாசல் வாசலாக நின்று கேட்டதில் அவளுக்கு ஒன்று தெரிந்திருந்தது. சொந்த வீட்டைக் கேட்டால் முக்கால்வாசிப் பேர் அதே மாதிரி என்பார்கள், சிலர் மேல் என்பார்கள். நாட்டைக் கேட்டால் எல்லோரும் மோசம் என்பார்கள். "எல்லார் வீடும் நல்லா இருக்குன்னா கெட்டுப் போன நாடு எங்க இருக்கு? அதைக் காட்டு, நானும் உங்கூட வரேன்" என்றாள்.

"வீட்டுக்கு வீடு வாசப்படி. யாரு நிஜத்தைச் சொல்றாங்க?" என்றார் கணவர்.

தங்கை கவுனை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். வாதத்தில் தான் ஜெயித்துவிட்டதாக அக்காவுக்குப் பட்டது. இன்னும் ஒரு வாரம் சுற்று பாக்கி இருந்தது. நாடு கெடவில்லை என்று கண்ணால் கண்டு, காதால் கேட்டு, தங்கையிடம் நேரே சொல்லிவிட்டால் போதும், அவள் தங்கிவிடுவாள். குட்டி தங்கிவிடும்.

அந்த வாரம், கூட வேலை செய்யும் ஒருத்தி விடுப்பில் போனதால், அவளுடைய வீடுகளும் இவளிடம் வந்தன. இவள் குடியிருக்கும் குடியிருப்பிலேயே மறுபக்கத்து பிளாக்குகள். தன் சொந்த பிளாக்கில் கேட்கக் கூடாது என்பது விதி. எதிர் பிளாக்குக்கு அந்த விதி கிடையாது. இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் அவள் போனதே இல்லை. காலையில் கிளம்பினால் சாயங்காலம் திரும்புகிறவளுக்கு எதிர் பிளாக்கும் வெளியூரும் ஒன்றுதான்.

வெயில் எட்டிப் பார்க்காத நாள். பனியா புகையா என்று சொல்ல முடியாத ஒன்று தரையோடு கிடந்தது. நடைபாதை விளக்குகளைப் பகலிலும் அணைக்காமல் விட்டிருந்தார்கள்.

முதல் வீட்டில் ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர். நல்ல நாற்காலி, நல்ல விரிப்பு, பெரிய டிவி. உள்ளறைக் கதவின் கைப்பிடியைக் கயிற்றால் எதிர்ச்சுவர் ஆணியோடு இழுத்துக் கட்டியிருந்தார். உள்ளேயிருந்து யாரோ மெதுவாகத் தட்டுவது போல இருந்தது.

"காத்து" என்றார் அவர். "எங்களுக்கு ஒரு குறையும் இல்லம்மா. அதே மாதிரிதான். நாடுதான் நாசமாப் போச்சு. ஜனங்க படற பாட்டைப் பார்க்க முடியல."

அவள் சும்மா இருந்தாள். அதுதான் முறை. தட்டும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி, இன்னும் மரியாதையாக, தொடங்கியது.

"எங்களை விடுங்க. மூணாவது மாடியில ஒரு தையக்காரம்மா இருக்காங்க. அந்த வீட்டைப் பாருங்க, தெரியும்" என்று மோவாயால் மேலே காட்டினார். டேப்பைப் பார்த்தாள். அடுத்த வீடு அதுதான்.

தையல்காரம்மா வாய் நிறையச் சிரித்து வரவேற்றாள். சுவர் முழுக்கக் கொடி கட்டி உடுப்புகளை மாட்டியிருந்தாள். எல்லாம் ஒரே துணி, ஒரே வெட்டு. வாசலருகே கைக்குழந்தைக்கான சட்டை. அடுத்தது அதைவிட ஒரு விரல் நீளம். அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். இப்படியே வளர்ந்து சமையலறை வாசலில் கல்யாண வயதுப் பெண்ணின் அளவில் முடிந்தது. ஒன்றைக்கூட யாரும் போட்டதாகத் தெரியவில்லை. வீட்டில் அந்த அம்மாவின் செருப்பு மட்டும்தான் கிடந்தது.

"அதே மாதிரிதான். எனக்கு ஒரு மாத்தமும் இல்ல" என்றாள் தையல்காரம்மா, ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே. "வெளியிலதான் ஒண்ணும் சரியில்லன்னு சொல்றாங்க. பக்கத்து பிளாக்ல, கீழ் வீட்டுல, பள்ளிக்கூடத்துல கிளார்க்கா இருந்தவரு. பாவம், அந்த வீட்டைப் பாருங்க."

டேப்பில் அடுத்தது அந்த வீடுதான். இதில் விசித்திரம் ஒன்றுமில்லை, அலுவலகம் வரிசையாகத்தானே கொடுக்கும் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். படியிறங்கும்போது பின்னால் மிஷின் ஓடத் தொடங்கியது. அடுத்த அளவு.

கிளார்க் தனிக்கட்டை. மேஜையில் நான்கு தட்டு போட்டுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். நான்கிலும் பரிமாறியிருந்தது, மூன்றில் சோறு காய்ந்து ஓரம் தூக்கியிருந்தது.

"எங்களுக்கு மேல்தாங்க" என்றார். "நாங்க நல்லா இருக்கோம். சத்தம் சந்தடி இல்ல. ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசையா இருக்கோம்." மற்ற மூன்று நாற்காலிகளையும் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் தொடர்ந்தார். "நாடு மோசங்க. சந்தேகமே வேண்டாம். மேல கால் உடைஞ்ச நர்ஸம்மா இருக்காங்க. அந்த வீட்டைப் பாருங்க."

அவள் விரல் திரையைத் தொட்டது. மேல். மோசம். அடுத்தது மேலே இருக்கும் வீடு. தங்கையிடம் சொல்ல நிறையச் சேர்ந்துகொண்டிருந்தது. யாரும் தன் வீட்டை மோசம் என்று சொல்லவில்லை. கேட்டதை வைத்துப் பார்த்தால் அவள் பக்கம்தான் நியாயம். பார்த்ததை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. பார்த்ததைத் தொட டேப்பில் இடம் இல்லை.

நர்ஸம்மா வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. "தள்ளிட்டு வா. எழுந்து வந்து திறக்க எனக்கென்ன காலா இருக்கு?" என்று குரல் வந்தது. சமையலறை ஜன்னலை ஒட்டி ஒரு சாய்வு நாற்காலி. இடுப்புக்குக் கீழே மாவுக்கட்டு போட்ட கால், முக்காலியின்மேல். கட்டுக்குள் அரிப்பெடுத்தால் விட்டுச் சொறிய, நீளமான பின்னல் ஊசி ஒன்று கையில். இந்த வீட்டுக்கு வந்தே கொஞ்ச நாள்தான், வந்ததும் வழுக்கி விழுந்தேன், அதிலிருந்து இந்த ஜன்னல்தான் கதி என்று கேட்காமலே சொன்னாள்.

"எனக்கென்ன? ஆயுசு பூரா நின்னுட்டே வேலை பார்த்தவ, இப்பதான் உக்கார்ந்திருக்கேன். மேல்னு போடு."

"நாட்டு நிலைமை?"

"மோசம். மூணு தடவ போடு."

"ஒரு தடவதான் தொட முடியும்."

"அப்ப அழுத்தித் தொடு." நர்ஸம்மா தன் பேச்சைத் தானே ரசித்துச் சிரித்தாள். எதிரே இருந்த முகத்தில் ஒன்றும் நடக்காததைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். பிறகு பின்னல் ஊசியால் ஜன்னலுக்கு வெளியே காட்டினாள். "எங்களை விடு. அந்த வீட்டைப் பாரு."

அவள் பார்த்தாள். நடுவே புகைமூட்டம், அதற்கு அப்பால் ஒரு ஜன்னல், உள்ளே விளக்கு. கையில்லாத பனியன் போட்ட ஒரு மனிதர் பள்ளிக்கூடப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தரையில் தவழ்ந்துகொண்டிருந்தார். முதுகில் ஒரு குழந்தை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நிற்க முடியாமல் சிரித்தாள். சத்தம் இங்கே கேட்கவில்லை. குடும்பம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. பிறகுதான் அந்தப் பனியனைக் காலையில் கொடியிலிருந்து எடுத்து மடித்து வைத்தது தான் என்பது தெரிந்தது.

தன் வீட்டை வெளியிலிருந்து அவள் பார்த்ததே இல்லை.

"நல்லாத்தானே இருக்கு" என்றாள். கேள்வி கேட்கப் போன வீட்டில், கேள்விப் பட்டியலில் இல்லாத ஒரு வார்த்தையை அவள் சொன்னது இதுதான் முதல் தடவை.

"இப்ப நல்லாத்தான் இருக்கும். பொறு. இன்னும் கொஞ்ச நேரத்துல அந்தப் பொண்ணு கடிகாரத்தைப் பார்ப்பா. அவ்வளவுதான். நாற்காலி எல்லாம் சுவரோரமா போயிடும். பொம்மை பெட்டிக்குள்ள போயிடும். அந்த ஆள் சட்டையை மாட்டிப்பாரு. அப்புறம் ஒரு பொம்பள வருவா. வந்து நடுவுல நிப்பா. சினிமா முடிஞ்சு விளக்கைப் போட்ட மாதிரி ஒவ்வொருத்தரா எழுந்து போயிடுவாங்க. தினம் இதே கூத்துதான்."

"அடிப்பாளா?"

"அடிச்சாலாவது புரிஞ்சுக்கலாமே. ஒண்ணும் பண்ண மாட்டா. எருமை மேல மழை பேஞ்ச மாதிரி நிப்பா. மூஞ்சி இங்கேர்ந்து சரியாத் தெரியல. தெரிஞ்சு என்ன, அதுல ஒண்ணும் இருக்காதுன்னு நினைக்கிறேன்." நர்ஸம்மா ஊசியைக் கட்டுக்குள் விட்டுக் கண்ணை மூடிச் சொறிந்துகொண்டாள். "அன்னிக்கு அந்தக் குழந்தை நாற்காலியிலேர்ந்து பொத்துன்னு விழுந்துது. நான் இங்கேர்ந்தே அலறிட்டேன். குழந்தை அழறதுக்கு வாயைத் திறந்துது. அவளை நிமிர்ந்து பார்த்துது. வாயை மூடிக்கிச்சு. எத்தனையோ குழந்தைகளைப் பார்த்தவ நான். அழற குழந்தையப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. அழாத குழந்தையைப் பார்த்தாத்தான் எனக்குத் தூக்கம் வராது."

அந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. ஓடிப்போய்க் குனிந்து, "ரொம்ப வலிக்குதா, கொஞ்சமா, இல்லவே இல்லையா?" என்று கேட்டாள். குட்டி, "இல்ல" என்றது. தைரியமான குழந்தை என்று அவளுக்கு அன்று முழுக்கப் பெருமை. உதட்டில் ரத்தம் வந்திருந்ததைத் துடைத்துவிட்டதும் அவள்தான்.

"அங்க போய் இந்தக் கேள்வியைக் கேளேன்" என்றாள் நர்ஸம்மா.

"அந்த பிளாக் எனக்குக் கொடுக்கல."

"அதான் பார்த்தேன். பார்க்க வேண்டிய வீட்டை விட்டுடுவாங்க."

எதிர் ஜன்னலில் தங்கை கடிகாரத்தைப் பார்த்தாள்.

யாரும் யாருக்கும் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. கணவர் குழந்தையை இறக்கிவிட்டுப் பையை ஆணியில் மாட்டினார். நாற்காலிகள் ஒவ்வொன்றாகச் சுவரோரம் போயின. குட்டி தானே பொம்மைகளை அள்ளிப் பெட்டியில் போட்டு மூடியது. தலையைத் தடவிப் படிய வைத்துக்கொண்டது. கணவர் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டார். மூன்று பேரும் ஆளுக்கொரு இடத்தில் உட்கார்ந்து வாசல் கதவைப் பார்த்தார்கள்.

அவள் இங்கே நின்றுகொண்டிருந்தாள். அங்கே அவர்கள் அவளுக்காகக் காத்திருந்தார்கள். நடுவில் புகை மெதுவாக நகர்ந்தது. கதவு திறக்கவில்லை. குட்டி அசையவே இல்லை. அந்த உட்காரும் விதம், கைகளை மடியில் வைத்திருக்கும் விதம், கழுத்தின் நிமிர்வு, எல்லாம் எங்கோ பார்த்தது போல இருந்தது. எங்கே என்று யோசித்தவளுக்கு, மேற்பார்வையாளர் மேஜையில் வைத்த அந்தக் கண்ணாடி நினைவுக்கு வந்தது.

"இன்னிக்கு லேட்டு போல" என்றாள் நர்ஸம்மா. "பாவம், எவ்வளவு நேரம் அப்படியே உக்கார்ந்திருக்கும் அந்தப் புள்ள. வந்து தொலைச்சாலும் தேவலை."

தன் வீட்டு வாசலுக்கு வந்து அவள் சாவியைக் கையில் எடுத்தாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டுக் கதவைத் தட்டினாள். தட்டிவிட்டு, பழக்க தோஷத்தில், இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றாள். கண்துளையில் ஒரு நிழல் வந்து நின்றது. அது அவளை நெடுநேரம் பார்த்தது போல இருந்தது.

"சாவியைத் தொலைச்சுட்டியா?" என்றார் கணவர், கதவைத் திறந்து.

"இல்ல."

அவள் உள்ளே வந்து அறை நடுவே நின்றாள். கணவர் குளியலறைப் பக்கம் போனார். குட்டி எழுந்து உள்ளறைக்குப் போயிற்று. தங்கை சமையலறைக்குத் திரும்பினாள். நர்ஸம்மா சொன்ன வரிசை கொஞ்சமும் பிசகவில்லை. வலது கைப் பக்கம் ஜன்னல் இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பாமல் தங்கையின் பின்னால் போனாள்.

"நாடு மோசமாயிடுச்சுன்னுதானே நீ போறே?"

"ஆமாக்கா. எத்தனை தடவ சொல்றது?"

"அங்க மேலா?"

தங்கை பாத்திரத்தைத் தேய்த்தாள். "அங்கயும் இதே கதைதான். வீடு கிடைக்கல, ஒரே ரூம்ல நாலு பேர் இருக்கோம்னு அவர் போன்ல சொல்லலையா? அந்த ஊர்க்காரங்களும் நாடு கெட்டுப் போச்சு, கெட்டுப் போச்சுன்னுதான் பேசிக்கிறாங்களாம்."

"அப்புறம் ஏன் போறே?"

தங்கை குழாயை மூடினாள். அக்கா மேலே கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய் சொட்டியது.

"சும்மா இருக்காதக்கா. நீ சும்மா நின்னா எனக்கு வாயில இருக்கறதெல்லாம் வந்துடும். சின்ன வயசிலேர்ந்தே இப்படித்தான் பண்றே. எதையாவது கேளு. திட்டு."

அக்கா நின்றாள்.

"குட்டிக்கு அழத் தெரியலக்கா" என்றாள் தங்கை. குரல் இறங்கிவிட்டது. "டீச்சர் கூப்பிட்டு அனுப்பினாங்க. கதவுல விரல் நசுங்கி நகம் பிஞ்சு போச்சாம். சத்தமே போடாம நின்னுட்டிருந்துதாம். ரத்தத்தை வேற பிள்ளைங்க பார்த்துச் சொன்னதாலதான் தெரிஞ்சுதாம். வீட்டுல ஏதாவது பிரச்சனையான்னு கேட்டாங்க. நான் என்ன சொல்லட்டும்? எங்க வீட்டுல ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். தினம் கண்ணாடி முன்னாடி நின்னு மூஞ்சியைக் கையால துடைச்சுத் துடைச்சுப் பார்க்குது. என்னடி பண்றேன்னா, பெரியம்மா மாதிரி ஆகணும்னு சொல்லுது. உன்னை அதுக்கு அவ்வளவு பிடிக்கும்க்கா. அதான் பயமா இருக்கு."

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. கணவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? எனக்காக உன் வயசையே செலவழிச்சவ நீ. உன்னைச் சொல்ல வாய் வரல. நாட்டைச் சொன்னா யாருக்கும் வலிக்காது."

அக்கா எதையாவது முகத்தில் கொண்டுவர வேண்டும் என்று நினைத்தாள். அழுகையோ, ஆறுதலோ, எதுவானாலும் சரி. உள்ளே எல்லாம் இருந்தது. வெளியேதான் வரவில்லை. கன்னத்தை இழுத்தாள், உதட்டை விரித்தாள், புருவம் எங்கே இருக்கிறது என்று தேடி மேலே தூக்கினாள். நெடுநாள் திறக்காத அலமாரிக் கதவு போல ஏதோ ஒன்று நகர்ந்து கொடுத்தது.

தங்கையின் கையிலிருந்து பாத்திரம் நழுவித் தொட்டியில் விழுந்தது. அவள் ஒரு எட்டு பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்தாள்.

"அக்கா, வேணாம். என்ன பண்றே? அப்படிப் பண்ணாதே."

அக்கா நிறுத்தினாள். முகம் தன் பழைய இடத்துக்குத் தானாகத் திரும்பியது. வாசற்படியில் குட்டி நின்றது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பயந்திருக்க வேண்டும், மார்பு வேகமாக ஏறி இறங்கியது. முகத்தில் மட்டும் ஒன்றும் இல்லை.

இருந்துவிடு என்று சொல்லத்தான் அவள் வாரம் முழுக்க வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். கரண்ட் போவதில்லை, பஸ் வருகிறது, கேட்ட வீடெல்லாம் நன்றாக இருக்கிறது. எல்லாம் கைவசம் இருந்தது. தங்கை கடைசியில் கேட்கக்கூடியவள்தான். கொஞ்சம் வற்புறுத்தினால் பயணத்தைத் தள்ளிப்போடுவாள், பிறகு இன்னும் கொஞ்சம். அவள் குட்டியின் அந்தச் சின்ன முகத்தைப் பார்த்தாள்.

"கூட்டிட்டுப் போ" என்றாள்.

போகிற அன்று பெட்டியை மூட முடியவில்லை. "ஆபீசரை மேல உக்கார வை. எதுவா இருந்தாலும் அடங்கிடும்" என்றார் கணவர். அவள் ஏறி உட்கார்ந்தாள், ஜிப் ஓடியது. தங்கை சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தாள். குட்டி, பெரியம்மாவின் கையைக் குலுக்கி, பெரிய மனுஷி மாதிரி, "போயிட்டு வரேன்" என்றது. வண்டி திரும்பும்வரை கண்ணாடியில் அந்த முகம் அப்படியே தெரிந்தது.

அதன்பின் வீட்டில் இருவர்தான். அவள் வேலையை விடவில்லை. வேறு எதுவும் தெரியாது. அதே கதவுகள், அதே பதில்கள். சுற்று முடிந்ததும் மேற்பார்வையாளர் போனில், "பெரிய மாத்தம் ஒண்ணும் இல்லம்மா. வீடு நல்லா இருக்கு, நாடு மோசம். போன வருஷம் மாதிரியேதான்" என்றார். சரி சார் என்றாள். சாயங்காலம் அவள் உள்ளே நுழைந்தால் கணவர் இப்போது எழுந்து போவதில்லை. கூடவே எழுந்து போக இப்போது வேறு யாரும் இல்லை. சட்டையின் மேல் பொத்தானை மட்டும் கை தானாகப் போட்டுக்கொள்ளும்.

"நானும் சொல்லியிருக்கலாம்" என்றார் ஒரு நாள்.

"எதை?"

"விடு."

அதற்குச் சில நாள் கழித்து, விளக்குப் போடும் நேரத்தில் தங்கையிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. எடுத்ததும் காது கிழிந்தது. திரையில் ஆள் தெரியவில்லை. ஏதோ ஒரு கூரை, அதில் ஈரக்கறை, ஒரு கொடி. போனை எங்கோ மல்லாக்கப் போட்டிருந்தாள். அதற்குக் கீழே எங்கோ குட்டி அழுதுகொண்டிருந்தது. சாதாரண அழுகை அல்ல. ஊரைக் கூட்டும் அலறல். மூச்சு வாங்கி, நிறுத்தி, முதலிலிருந்து தொடங்கும் அலறல்.

"அக்கா, அப்புறம் கூப்பிடறேன்" என்று தங்கை கத்தினாள். "படியில உருண்டுட்டா. முட்டிதான், வேற ஒண்ணுமில்ல. பக்கத்து ரூம்காரங்க எல்லாம் வந்துட்டாங்க. இவ வாயை மூட மாட்டேங்கறா. வெச்சிடறேன்."

"வெக்காதே" என்றாள் அக்கா. "அழட்டும்."

கணவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அறையில் இன்னும் விளக்குப் போடவில்லை. குழந்தையின் அழுகை சுவரில் மோதித் திரும்பியது. இந்த வீட்டில் இதுவரை கேட்டிராத சத்தம் அது. இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பாரு, பெரியம்மா லைன்ல இருக்காங்க. அவங்க பார்த்தா சிரிப்பாங்க" என்று தங்கையின் குரல் நெருங்கி வந்தது. திரையில் கூரை ஆடியது. ஒரு கை, ஈரமான ஒரு கன்னம், கோணிய வாய். தங்கை போனைத் தூக்கிக் குழந்தையின் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

இன்னும் ஒரு நொடியில் குட்டி நிமிர்ந்து பெரியம்மாவின் முகத்தைப் பார்த்துவிடும்.

அவள் சட்டென்று போனை மேஜையில் கவிழ்த்து வைத்து, அது நகராதபடி மேலே கையை அழுத்திக்கொண்டாள். இருட்டில், உள்ளங்கைக்கு அடியில், அழுகை நிற்காமல் வந்துகொண்டிருந்தது.